கதவுக்கும் விசிறிக்கும் நடுவில் ஒரு வரி

குறிப்பு 1 | நாள் 1 | 09:20

நிலாவின் தென்முனை, நீர் நிலையம் நான்கு. பொறுப்பு: கோமதிநாயகம், தலைமை மென்பொருள் பொறியாளர். பழைய குழுவினர் நால்வரும் 08:40க்குக் கிளம்பிவிட்டார்கள். புதிய குழு இருபத்து நான்காம் நாள் வரும். அதுவரை நான் மட்டும்.

வேலை: நிலையத்தின் கட்டுப்பாட்டு மென்பொருளை மூன்றாம் வெர்ஷனுக்கு மாற்றுவது, மாற்றியபின் கூடவே இருந்து பார்ப்பது. 09:05க்கு மாற்றியாயிற்று. காற்று, நீர், மின்சாரம், வெப்பம் நான்கும் பச்சை. லாக் காலி. லாக் என்பது இயந்திரம் தானே எழுதும் பதிவேடு; பிழை தேட அச்சிடும் டீபக் மெசேஜ்கூட அதில் ஒன்றும் இல்லை. இவ்வளவு சுத்தமான திரையை என் சர்வீஸில் பார்த்ததில்லை.

இந்தக் குறிப்புகள் கறுப்புப் பெட்டிக்குள் போகின்றன. ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரல் வைக்க வேண்டும். எழுதியதை நானும் அழிக்க முடியாது, கம்பெனியும் அழிக்க முடியாது. படிப்பவர் யாரென்று தெரியவில்லை. வணக்கம்.

குறிப்பு 2 | நாள் 1 | 17:45

இந்த நிலையத்தை ஓட்டுவது ஒரு கேம் இன்ஜின். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். இருபது வருடத்துக்கு முன் பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் நானும் என் கூட்டாளி மதாரும் எழுதியது. விளையாட்டின் பெயர் 'பேட்டை பஸ்'. ஜங்ஷனிலிருந்து பேட்டைக்கு டவுன் பஸ் ஓட்ட வேண்டும். ஆளை ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும், படியில் தொங்குகிறவன் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கம்பெனி அந்த இன்ஜினை வாங்கிப் பயிற்சித் திரைக்கு வைத்தது. அப்புறம் கட்டுப்பாட்டுத் திரைக்கு வைத்தது. திரைதான் எல்லாவற்றையும் காட்டுகிறதே, ஓட்டுவதையும் அதுவே ஓட்டட்டும் என்று கடைசியில் விட்டுவிட்டார்கள். பஸ் கதவை மூடிய அதே கோட் இங்கே காற்றுக் குழாயின் வால்வை மூடுகிறது. பஸ்ஸை நகர்த்திய கோட் விசிறியைச் சுழற்றுகிறது.

கோட் எழுதுகிறவர்கள், ஓட்டம் எந்த இடம்வரை வந்தது என்று தெரிந்துகொள்ள நடுநடுவே ஒரு வரி அச்சிடச் சொல்வோம். அதுதான் டீபக் மெசேஜ். மற்றவர்கள் 'இங்கே 1', 'இங்கே 2' என்று போடுவார்கள். மதார் கண்டக்டர் குரலில் போட்டான். 'உள்ள போங்க, உள்ள போங்க.' 'படில நிக்காதீங்க.' 'டவுன் ஆர்ச் இறங்குறவங்க முன்னால வாங்க.' 'ரைட்.' இப்படி ஆயிரத்துக்கு மேல். நிலாவில் நீர் எடுக்கும் நிலையத்தின் லாக்கில் இவ்வளவு காலமும் இதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

போன வருடம் ஒரு விதி வந்தது: லாக்கில் எழுதியதை அழிக்கக் கூடாது. அதற்கு முன்பு லாக் நிறைந்தால் பழைய வரிகளை இன்ஜினே துடைத்துக்கொள்ளும். விதி வந்தபின் மதாரின் கண்டக்டர் நினைவகம் முழுவதையும் நிரப்பிவிடுவான் போலிருந்தது. நான் அவன் வாயை அடைத்தேன். அவன் நான்கு சத்த அளவுகள் வைத்திருந்தான். அதை ஒரே சுவிட்சாக மாற்றினேன். போட்டால் எல்லாம் பேசும், அணைத்தால் எதுவும் பேசாது. மூன்றாம் வெர்ஷனில் அது அணைந்தே வரும். கம்பெனியின் கையொப்பம் இல்லாமல் நிலையத்தில் யாரும் ஒரு வரிகூடத் திருத்த முடியாதபடி பூட்டும் போட்டேன். நான் செய்ததிலேயே சுத்தமான வேலை இதுதான்.

குறிப்பு 3 | நாள் 2 | 12:30

எல்லாம் பச்சை. லாக் காலி.

காற்று ஏற்பாடு பற்றி, தெரியாதவர்களுக்காக: இரண்டு பெட்டிகள் மாறி மாறிக் கரியமில வாயுவை உறிஞ்சுகின்றன. ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை வால்வு ஒரு பெட்டியை மூடி மற்றதைத் திறக்கும். உடனே விசிறி மறுபடி கிளம்பும். காற்று வரும் ஒவ்வொரு வாயிலும் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறார்கள். ஆடினால் காற்று வருகிறது என்று அர்த்தம். கப்பல்களிலும் இந்த வழக்கம் உண்டு. பத்தாயிரம் சென்சார் இருக்கும் இடத்தில் ரிப்பனாம். பழைய குழுவின் பத்தாம்பசலித்தனம் என்று நினைத்தேன்.

வடிவு வீடியோ அனுப்பியிருந்தாள். "சாப்டியளா? அங்க என்னதான் தாராங்க? மெலிஞ்சு போயிராதீங்க." கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் என் மனைவி என்னிடம் முதலில் கேட்கும் கேள்வி மாறவே இல்லை.

குறிப்பு 4 | நாள் 3 | 15:10

13:35க்குச் சாப்பிட்டு எழுந்தேன். தலைவலி. கொட்டாவிமேல் கொட்டாவி. திரை பச்சை. தற்செயலாக நிமிர்ந்து பார்த்தால் ரிப்பன் தொங்குகிறது.

விசிறிப் பெட்டியைத் திறந்தேன். இறக்கை மூன்றும் வேரோடு முறிந்து கிடந்தன. விசிறியின் உடம்பிலேயே, மென்பொருளுக்குச் சம்பந்தமில்லாமல், அதிர்வுகளை எண்ணும் சின்ன மீட்டர் ஒன்று உண்டு. அதில் 347. வால்வு முழுக்க மூடுவதற்குள் விசிறி கிளம்பினால் காற்று எதிர்த்து அடிக்கும். அப்படி 347 அடி வாங்கியிருக்கிறது.

எச்சரிக்கை மணி ஏன் அடிக்கவில்லை? எச்சரிக்கையும் ஒரு மெசேஜ்தான். எல்லா மெசேஜும் ஒரே சுவிட்ச். அந்த சுவிட்சைச் செய்த புண்ணியவான் நான்.

மாற்று விசிறி ஒன்றுதான் இருந்தது. 15:00க்கு மாட்டிவிட்டேன். அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன்.

குறிப்பு 5 | நாள் 4 | 07:30

புதிய விசிறியின் மீட்டர் 109 காட்டுகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அடி. இப்படியே போனால் நாளை இரவுக்குள் இதுவும் போய்விடும்.

சென்னையில் சப்போர்ட் பார்க்கும் நிவாஸ் பதில் அனுப்பியிருக்கிறான். "சார், வெர்ஷன் மூணை நம்ம சிமுலேட்டர்ல நாலு தடவை ஓட்டிப் பாத்துட்டோம். எங்க சைடுல பக்காவா ஓடுது. உங்க லாக் அனுப்புங்க சார், பாத்துடலாம்."

லாக் காலி என்று பதில் எழுதினேன்.

குறிப்பு 6 | நாள் 4 | 17:10

விசிறி மாட்டியதிலிருந்து 16:30 வரை வால்வு மாறிய தடவைகள்: 170. அடி: 168. இரண்டு அடி எங்கே போனது?

மத்தியானம் முழுக்க இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று நேற்று 15:10ஐ ஒட்டி. மற்றது இன்று 07:30ஐ ஒட்டி. அந்த இரண்டு வேளையும் நான் இந்தக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தேன். அதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை.

கோட் வரிகளைத் திறந்து பார்த்தேன். திருத்தத்தான் பூட்டு, படிக்கலாம். கதவை மூடு என்று ஒரு வரி. வண்டியை எடு என்று ஒரு வரி. இரண்டுக்கும் நடுவில் மதாரின் 'ரைட்'. பக்கத்தில், அந்த வரியை நீக்க வேண்டாம் என்று அவன் குறிப்பு: 'எடுக்காதே.'

டீபக் சுவிட்சைப் போட்டேன். கண்டக்டர் பேச ஆரம்பித்தான். அரை மணி நேரம் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு அடிகூட விழவில்லை.

குறிப்பு 7 | நாள் 5 | 11:00

சுவிட்சைப் போட்டே வைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கதிர்வீச்சைத் தாங்குவதற்காகச் செய்த நினைவகம் இது. எழுதுவதும் மெதுவு, இடமும் குறைவு. எங்கள் இன்ஜினில் ஒவ்வொரு மெசேஜும் யார் கூப்பிட்டார், அவரை யார் கூப்பிட்டார் என்று குலம் கோத்திரம் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் உட்காரும். மிச்சமிருக்கும் இடம் நாற்பது மணி நேரத்தில் நிறைந்துவிடும். நிறைந்தால் எந்த வரியும் ஏறாது. பழையதை அழிக்கவும் முடியாது. கப்பல் வர இன்னும் பத்தொன்பது நாள்.

நிவாஸுக்குத் தெளிவாக எழுதினேன்: உங்கள் சிமுலேட்டரில் மெசேஜ் எப்போதும் போட்டே இருக்கும், அதனால்தான் அங்கே ஓடுகிறது, அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பதில்: "மெசேஜ் ஆஃப் பண்ணா எங்களுக்கு லாக் வராது சார். லாக் இல்லாம டெஸ்ட் ரிப்போர்ட் அக்செப்ட் பண்ண மாட்டாங்க. ப்ராப்ளம் வர்ற நேரத்து லாக் மட்டும் அனுப்புங்க சார், போதும்."

பதிவு இருந்தால் பழுது வராது. பழுது வந்தால் பதிவு இருக்காது. இதை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். அவன் நான்கு முறையும் லாக் கேட்டான்.

மதாருக்கு எழுதியிருக்கிறேன். பதிமூன்று வருடம் கழித்து.

குறிப்பு 8 | நாள் 6 | 10:15

மதாரின் பதில். முழுவதையும் இங்கே வைக்கிறேன்:

"ஏலே கோமதி. பதிமூணு வருசம் கழிச்சு எம் ஞாபகம் வந்துருக்கு, அதுவும் மூச்சு முட்டுனப்புறம். சரி, கேட்டதுக்குப் பதில் சொல்லுதேன். பஸ் கதவு முழுசா மூடுததுக்குள்ள வண்டி நகந்துரும், படில நிக்கவன் காலு மாட்டும், ஞாபகம் இருக்கா? மூணு நாளு பாத்தேன், காரணம் புடிபடல. நடுவுல ஒரு ரைட்டப் போட்டேன், சரியாப் போச்சு. அத எழுதுத நேரத்துல கதவு மூடிருது, அவ்வளவுதான். நெலுவைல கெடக்க வேற எந்த மெசேஜா இருந்தாலும் இன்ஜின் அந்த எடத்துலதான் எழுதும். அதனால நீ ஒரு குறிப்பு எழுதிப் போட்டாலும் ரைட் போட்ட மாதிரிதான். ஒழுங்கான திருத்தம் பொறவு பண்ணிக்கிடலாம்னு வச்சிருந்தேன். பொறவுதான் நீ என்னைய வெளிய அனுப்பிட்டியே. எடுக்காதேன்னு எழுதி வச்சிருந்தேன்லா? படிக்கலியா?"

படித்தேன், மதார். இருநூற்றுப் பன்னிரண்டு இடத்தில் 'எடுக்காதே' என்று எழுதி வைத்திருந்தாய். உன் பிறந்தநாளை அச்சிடும் வரிக்கும் 'எடுக்காதே'. எல்லாவற்றுக்கும் எழுதினாய், அதனால் ஒன்றையும் நான் நம்பவில்லை. உன் சோம்பேறித்தனமும் என் திமிரும் சேர்ந்து செய்த கூட்டு வேலை இது.

மற்றதையும் எழுதிவிடுகிறேன், இதுதான் அழியாதே. கம்பெனி எங்களை வாங்க வந்த அன்று, எட்டுப் பேர் உட்கார்ந்த கூட்டத்தில், மதாரின் மெசேஜ்களை ஒவ்வொன்றாகச் சுவரில் போட்டுக் காட்டியது நான். 'படில நிக்காதீங்க' வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். நான் அதிகமாகச் சிரித்தேன். அவன் டீ கிளாஸைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் அவனுக்கு வேலை இல்லை என்றார்கள். ஒரு வார்த்தை பேசாமல் அவன் அறையையும் நான் எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. அப்போது கூசவில்லை.

குறிப்பு 9 | நாள் 6 | 12:00

திட்டம் இதுதான். விழித்திருக்கும்போது சுவிட்சை அணைத்துவிடுவேன். ஒன்பது நிமிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதுவேன். ஒரு சொல் போதும், அது இடம் பிடிக்காது. தூங்கும்போது மட்டும் சுவிட்சைப் போட்டு, கண்டக்டரிடம் வண்டியை ஒப்படைப்பேன்.

இயந்திரத்தைக் கொண்டு குறிப்பை எழுத வைக்க முடியாது. ஒரு நேரத்தில் ஒரு குறிப்புதான் நிலுவையில் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரல். அந்தச் சட்டமும் நான் எழுதிக் கொடுத்ததுதான்.

இனி இடையிடையே 'ரைட்' என்று ஆயிரக்கணக்கில் வரும். அவற்றைத் தாண்டிப் படியுங்கள்.

குறிப்பு 611 | நாள் 10 | 14:20

தூக்கத்துக்கு இப்போது எடை தெரிந்துவிட்டது. கண்டக்டர் எழுத இடம் வேண்டுமே, பழைய குழு விட்டுச்சென்ற படங்கள் எல்லாவற்றையும் அழித்தேன்: இருபத்திரண்டு மணி நேரத் தூக்கம். இயந்திரக் கையேடுகள்: ஒன்பது மணி நேரம். நாளைக்கு நான்கரை மணி நேரம் என்று வைத்திருக்கிறேன். மூன்று முறை விழித்திருந்தபடியே கண் அசந்துவிட்டேன். மீட்டர் இப்போது 181.

உடைந்த இறக்கைகளைப் படமெடுத்து அனுப்பினேன். நிவாஸ் சொல்கிறான்: "அது ஹார்ட்வேர் டீம் சார். மேனுஃபேக்சரிங் டிஃபெக்டா இருக்கும். ஸ்பேர் ஃபேன் அடுத்த ஷிப்ல ஏத்தச் சொல்லிருக்கேன். சாஃப்ட்வேர் டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிடறேன்." அவன் குரலில் நிஜமான அக்கறை இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை.

குறிப்பு 1204 | நாள் 15 | 09:40

வடிவின் வீடியோக்கள் மொத்தம் முப்பத்தொன்று. ஆறு மணி நேரம்.

ஒவ்வொன்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு அழித்தேன். முப்பத்தொன்றிலும் சாப்டியளா என்று ஆரம்பிக்கிறாள். கடைசி ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அது பதினோரு நிமிடத் தூக்கம். ஒரு மணி நேரம் கழித்து அதையும் அழித்தேன். படுத்தேன். தூக்கம் வரவில்லை. கண்டக்டர் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போனான். அவள் கொடுத்த ஆறு மணி நேரத்தில் இரண்டை இப்படிப் புரண்டு படுத்தே தொலைத்துவிட்டேன்.

குறிப்பு 1460 | நாள் 17 | 13:05

ஒன்று பாக்கி இருக்கிறது. யாருக்கும் சொல்லாமல் கொண்டுவந்தது. 'பேட்டை பஸ்' முழு விளையாட்டு. ஜெராக்ஸ் கடை மாடியும் போயிற்று, கம்பெனியின் பழைய சர்வரும் போயிற்று. எனக்குத் தெரிந்து மிச்சமிருக்கும் பிரதி இது ஒன்றே. கண்டக்டருக்குக் குரல் கொடுத்தது மதார். இருபத்தெட்டு வயதுக் குரல். பதினொரு மணி நேரம்.

அவனிடம் கேட்டேன். பதில் வந்தது: "அழிச்சிரு. அதுல என்ன கெடக்கு, எவனோ கத்துதான். தூங்குலே."

ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். ஜங்ஷனில் எடுத்து டவுன் வரைக்கும். ஒன்பது நிமிடம் ஆனது. ரைட் போட்டுவிட்டு அழித்தேன்.

குறிப்பு 1731 | நாள் 19 | 10:30

நிவாஸ் அனுப்பியிருக்கிறான். அப்படியே வைக்கிறேன்:

"சார், சூப்பர் நியூஸ்! உங்க ஸ்டேஷன் பதினெட்டு நாளா வெர்ஷன் மூணுல ஓடுது. லாக்ல ஒரு எரர் கிடையாது, ஒரு வார்னிங் கிடையாது. மேனேஜ்மென்ட் செம ஹேப்பி. அந்த ரெக்கார்டை வச்சு வெர்ஷன் மூணுக்கு சர்டிஃபிகேட் வாங்கியாச்சு. நாளைக்குக் கிளம்பற ரிலீஃப் ஷிப்லயும் இன்னிக்கே ஏத்திட்டோம். எல்லாம் உங்க உழைப்பு சார்."

மூன்று முறை படித்தேன்.

என் உழைப்புதான். ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை கட்டைவிரல் வைத்து, வடிவை அழித்து, மதாரை அழித்து, இந்த வெர்ஷன் நன்றாக ஓடுகிறது என்று நானே நிரூபித்துக் கொடுத்திருக்கிறேன். செத்திருந்தால் எவனாவது சந்தேகப்பட்டிருப்பான்.

குறிப்பு 1733 | நாள் 19 | 10:48

நேராக எழுதுகிறேன், குழப்பம் வேண்டாம். கப்பலில் நான்கு பேர். நாளை 10:00க்குக் கிளம்பினால் இருபத்து நான்காம் நாள் 10:00க்கு இங்கே. வழியில் நால்வரும் மருந்து உறக்கத்தில் இருப்பார்கள், அதுதான் நடைமுறை. விழித்திருப்பது என் மென்பொருள் மட்டும். இங்கிருக்கும் அதே வால்வு, அதே விசிறி. குறிப்பு எழுத அங்கே ஆள் இல்லை.

முதல் விசிறி 347 அடி தாங்கியது. ஒன்பது நிமிடத்துக்கு ஒன்று. ஐம்பத்திரண்டு மணி நேரம். இருபத்திரண்டாம் நாள் 14:03. அதற்குப் பிறகு கப்பல் வந்து சேர இன்னும் நாற்பத்து நான்கு மணி நேரம்.

எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன். நிவாஸ், அவன் மேலாளர், பாதுகாப்புப் பிரிவு, மதார். கப்பலை நிறுத்துங்கள், முடியாவிட்டால் டீபக் சுவிட்சையாவது போட்டு அனுப்புங்கள் என்று.

குறிப்பு 1790 | நாள் 20 | 10:20

நிவாஸ்: "சார், நீங்க தனியா இருந்து ரொம்ப ஸ்ட்ரெஸ் ஆயிட்டீங்கன்னு இங்க எல்லாருக்கும் புரியுது. வெர்ஷன் மூணுல நீங்கதான சார் சைன் பண்ணிருக்கீங்க? டீபக் மெசேஜ் போட்டா ஷிப் மெமரி நாலு நாள் தாங்காது, அந்த நோட்டும் நீங்க எழுதினதுதான். டாக்டர் உங்ககூடப் பேசுவாங்க."

கப்பல் 10:00க்குக் கிளம்பிவிட்டது.

குறிப்பு 1921 | நாள் 21 | 11:15

மதார்: "கேட்ல நிக்கேன்லே. ராத்திரி பஸ் புடிச்சு மெட்ராஸ் வந்துட்டேன். செக்யூரிட்டி அப்பாயின்ட்மென்ட் இருக்கான்னு கேக்கான். இந்த இன்ஜின எழுதுனதே நான்தாம்லேன்னு சொன்னேன். சிரிக்கான். நீ கவலப்படாத, நான் போவ மாட்டேன்."

ரைட்.

குறிப்பு 2064 | நாள் 22 | 12:40

மதார்: "நிவாஸ் பயல பாத்துட்டேன். நல்ல பையன்தான். காப்பி வாங்கிக் குடுத்தான். நான் சொல்லச் சொல்லத் தலையாட்டுதான். கடைசில 'சரிங்க சார், இதுக்கு லாக் இருக்கா?'ன்னு கேக்காம்லே. இல்லாத லாக்க நான் எங்க போயி கொண்டாருவேன்? கோமதி, நான் அன்னைக்கே ஒழுங்கா சரி பண்ணிருக்கணும். ஒரு ரைட்டப் போட்டு ஒப்பேத்திட்டேன். நாந்தாம்லே தப்பு."

இல்லை, மதார். உன் வரி இருபது வருடம் ஒருவர் காலையும் மாட்டவிடவில்லை. எடுத்தது நான்.

குறிப்பு 2073 | நாள் 22 | 14:03

முந்நூற்று நாற்பத்தேழு.

ரைட்.

குறிப்பு 2177 | நாள் 23 | 16:00

தூங்க இடம் இல்லை. அழிக்க ஒன்றுமில்லை. சுவிட்சைப் போட்டால் இரண்டு நிமிடத்தில் நிறைந்துவிடும். இருபத்தெட்டு மணி நேரமாக முழித்திருக்கிறேன். மீட்டர் 219. அசந்துவிடுகிறேன், அடி விழும் சத்தத்தில் விழிக்கிறேன்.

ஒருவேளை அவர்கள் விசிறி கெட்டியாக இருக்கலாம். ஒவ்வொன்றும் ஒரே மாதிரி முறியும் என்று யார் சொன்னது? என்னுடையது பழைய சரக்கு. அவர்களுடையது புதிது. ஐநூறு தாங்கலாம். அறுநூற்று நாற்பது தாங்கினால் போதும்.

ரைட்.

குறிப்பு 2278 | நாள் 24 | 07:05

கப்பல் நிலையத்தின் தொடர்பு எல்லைக்குள் வந்துவிட்டது. அதன் குறிப்புக் கட்டமும் என் திரையில் திறந்துகொண்டது. சுவிட்சைத் தொட முடியாது, குறிப்பு எழுதலாம். அது போதும்.

இரண்டு கட்டம். இங்கே ஒரு ரைட், அங்கே ஒரு ரைட். மூன்று மணி நேரம். இருபது தடவை. விசிறி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தால் இனி ஒரு அடியும் விழவிட மாட்டேன்.

கூப்பிட்டேன். யாரும் எடுக்கவில்லை. உறக்கத்தில் இருப்பார்கள். அதுதான் நடைமுறை.

குறிப்பு 2297 | நாள் 24 | 10:09

கப்பல் இணைந்துவிட்டது. ஒரு தட்டல்கூட இல்லாமல் சரியான இடத்தில், சரியான நேரத்தில். மென்பொருள் அருமையாக ஓடுகிறது.

நிவாஸ்: "டாக்கிங் பெர்ஃபெக்ட் சார்! ஷிப் லாக் பாத்தேன், நாலு நாளும் க்ளீன். கங்கிராட்ஸ்!"

கதவு திறக்க அழுத்தம் சமமாக வேண்டும். இன்னும் நாற்பது நிமிடம். ரைட்.

குறிப்பு 2298 | நாள் 24 | 10:18

கப்பலின் லாக்கைத் திறந்தேன். மேலே சுருக்கம்: பயணிகள் 4. பிழை 0. எச்சரிக்கை 0.

கீழே குறிப்புக் கட்டத்தில் இருபது வரிகள். இருபதும் ரைட். இருபதும் என் கட்டைவிரல். அதற்கு முன் ஒரு வரிகூட இல்லை. நான்கு நாளும் வெறும் வெள்ளை.

குறிப்பு 2299 | நாள் 24 | 10:27

கதவின் கண்ணாடி வழியே தெரிகிறது. நான்கு படுக்கை. நால்வர் முகமும் இந்தப் பக்கம் இல்லை. பச்சை விளக்கு எரிகிறது. கண்ணாடியைத் தட்டினேன். கை வலிக்கும்வரை தட்டினேன்.

கூரையில் காற்று வரும் வாயில் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறார்கள்.

தொங்குகிறது.

குறிப்பு 2300 | நாள் 24 | 10:36

ரைட்.